இடது இருக்கையும் ‘லா’ என்ற சொல்லும்: ரங்கூனிலிருந்து பொற்பாறைக்கு ஒரு சனி ஞாயிறு

சனிக்கிழமை காலையில் ஈசிஆர் சாலையில் மகாபலிபுரம் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு என் கோபம் புரியும். வாரம் முழுக்க வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு நாள்தான் கிளம்புவார்கள். பதினைந்து வருடமாகச் சென்னையில் கார் ஓட்டுகிறவள் என்ற திமிர் எனக்கு உண்டு. அதனால், “சனி ஞாயிறில் சைக்தியோ பொற்பாறைக்குப் போகாதீர்கள், சாலை தாங்காது” என்று ரங்கூனில் எல்லோரும் சொன்னபோது, நாங்கள் பார்க்காத டிராஃபிக்கா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அலுவலக வேலையாக மூன்று மாதம் ரங்கூன் வாசம். மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு லீவு கிடைப்பது சனி ஞாயிறு மட்டும். 2009 டிசம்பரில் ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. மலை உச்சியில், விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு, விழாமல் நிற்கும் அந்தத் தங்கப் பாறையைப் பார்க்காமல் விமானம் ஏறுவதா? சாலை தாங்கினால் என்ன, தாங்காவிட்டால் என்ன என்று கிளம்பிவிட்டோம்.

வண்டி தமிழர் வண்டி. ரங்கூனின் தாகேதா பகுதியில் இருக்கும் தங்கவேலுவை எல்லோரும் ‘கோ வேலு’ என்பார்கள். நம் ஊர் ‘அண்ணன்’ இருக்கும் இடத்தில் அங்கே ‘கோ’. நாற்பது வயது, சிரித்த முகம், கட்டியிருந்தது பர்மிய லுங்கி, பேசியது எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய தமிழ். வேன் ஜப்பானில் உழைத்துக் களைத்து இங்கே வந்தது. இரண்டு நாளுக்கு டீசல், ஓட்டுநர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கியாட். பின் கண்ணாடியில் வட்ட வட்ட எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏதோ புத்தர் மந்திரம் என்று நினைத்து, ஏறும்போது அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தேன்.

ஆணுக்குக் ‘கோ’ என்றால் பெண்ணுக்கு ‘மா’. கோ வேலுவின் மனைவி மா ராணியும் வந்திருந்தார். பாறைக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறதாம். முன்னால் உட்காருவார் என்று பார்த்தால், நேரே கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் நடு வரிசையில் சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார். அவருக்கு வாகனம் என்றால் தொட்டில். முன்னால் இடது இருக்கை காலியாக இருந்தது. படம் எடுக்க வசதி என்று நான் அதில் ஏறினேன்.

“அம்மா, பின்னால வசதியா இருக்கும்,” என்றார் கோ வேலு, தயங்கியபடி.

“எனக்கு இதுதான் வசதி. யாராவது வருகிறார்களா?”

“ஸ்பேர் வரணும். அவன் தங்கச்சிக்கு இன்னைக்கி கல்யாணம், வரல.” பின்னால் ஒருமுறை பார்த்தார். மா ராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, இருங்க. கெய்சா மஷிபூ.” ஒன்றும் பிரச்சினையில்லை என்று அதற்கு அர்த்தம். பர்மாவில் இதைக் கேட்டால் கொஞ்சம் கவலைப்படலாம்.

ஸ்பேர் என்றால் ஓட்டுநரின் உதவியாளர். அவருக்கு என்ன வேலை என்பது ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் புரிந்தது. பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓட வேண்டும். முன்னொரு காலத்தில் நம்மைப்போல இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்ததை மாற்றிவிட்டார்கள். ஆனால் ஜப்பான் வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் ஓட்டுநர் சாலையோர மரங்களை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு பஸ் போனால், அதைத் தாண்டி எதிரில் வருவது அவருக்குத் தெரியாது. இடது இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். முந்தலாமா கூடாதா என்று அவர் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை நம்பி ஓட்டுநர் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். இந்தச் சாலையில் ஆயிரக்கணக்கான பேர் இப்படித்தான் போய்வருகிறார்கள்.

பகோ வரை ஐம்பது மைல். ஐந்தரை மணிக்குக் கிளம்பியவர்கள் எட்டரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். யாத்திரை பஸ்கள், கூரை மேலும் ஆட்கள் ஏறிய லைன்கார் என்ற ஷேர் வண்டிகள், ஒலிபெருக்கி கட்டிய லாரிகள். நடுநடுவே சாலையின் மத்தியில் பெண்கள் வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்கி விகாரைக்குக் காணிக்கை கேட்டார்கள். மொத்தப் போக்குவரத்தும் அவர்களுக்காக மெதுவானது. எரிச்சல்பட வேண்டிய நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் யாரையும் திட்டவில்லை. பஸ் ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டு நோட்டுகளைப் போட்டபடியே நகர்ந்தன. இத்தனை கூட்டத்தை இத்தனை சந்தோஷமாக நான் எந்தச் சாலையிலும் பார்த்ததில்லை.

பகோவில் டீக்கடை. மா ராணி கை கழுவப் போயிருந்தபோது அந்த மந்திரத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கோ வேலு சிரித்துவிட்டார்.

“மந்திரமா? ‘விற்பனைக்கு’ன்னு எழுதியிருக்கும்மா. திங்கக்கிழமை உங்க ஏரியாவுலேர்ந்துதான் ஒரு ஆளு பார்க்க வாராரு. இதுதான் கடைசி டிரிப்பு.”

நன்றாக ஓடும் வண்டியை ஏன் விற்க வேண்டும்? மெல்லச் சொன்னார். எட்டு வருடமாக இடது இருக்கையில் உட்கார்ந்தது மா ராணிதான். அவர் சொல்லுவார், இவர் திருப்புவார். போன மழைக்காலத்தில், சித்தாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அவர் ‘யா’ என்றார். ‘யா’ என்றால் போகலாம். சாலை காலியாகத்தான் இருந்தது. இவர் வெளியே எடுத்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள்காரர் சாலைக்கு வந்துவிட்டார். அவரைக் காப்பாற்ற ஒடித்ததில் வேன் வயலில் இறங்கியது. கோ வேலுவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை.

“அன்னையிலேர்ந்து ராணி முன்னால ஏற மாட்டேங்குது. ஸ்பேருங்களை வெச்சுப் பார்த்தேன். ஒருத்தன் தூங்குறான், ஒருத்தன் வெத்தல போடுறான். அவனுங்க ‘யா’ம்பானுங்க, எனக்குக் கையி திரும்ப மாட்டேங்குது. நம்பிக்கை இல்லாம இந்த ரோட்டுல ஓட்ட முடியாதும்மா. வித்துட்டு ஊருக்குள்ளயே ஏதாச்சும் பாத்துக்கலாம்.” மா ராணி வருவதைப் பார்த்து டீயில் மூழ்கிக்கொண்டார்.

மீண்டும் ஏறும்போது நான் பின்னால் போயிருக்க வேண்டும். என் சென்னை அனுபவத்தில் எனக்கு அபார நம்பிக்கை. “நான் சொல்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள்” என்றேன். அவர் அரைமனதோடு தலையாட்டினார். “எதிருல வண்டி வந்தா ‘வருது’ன்னு சொல்லுங்க. காலியா இருந்தா ‘யா’ன்னு சொல்லுங்க. போலாமான்னு கேக்க நான் ‘யாலா’ம்பேன்,” என்றார். இவ்வளவுதானே.

பயாஜி கூட்டுச் சாலையில் மண்டலே போகிறவர்கள் நேரே பிரிந்துவிட, நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம். சாலை குறுகியது, கூட்டம் குறையவில்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள், தூரத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கோபுரங்கள். முன்னால் ஒரு பழைய பஸ் கரும்புகை கக்கிக்கொண்டு நகர்ந்தது.

“அம்மா, யாலா?”

எட்டிப் பார்த்தேன். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மரலாரி எங்களை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. ‘வருது’ என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் என் வாயில் பர்மியச் சொல் வந்தது. எங்கள் தெருவில் தினமும் கரண்ட் போகும். திரும்ப வந்ததும் தெருவே ஒரே குரலில் “மீ லா பி!” என்று கூவும். மீ என்றால் கரண்ட், லா பி என்றால் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் நான் நன்றாகக் கற்ற ஒரே பர்மிய வாக்கியம் அதுதான். அதில் பாதியைத்தான் என் வாய் சொன்னது.

“லா! லா!” என்று கத்தினேன்.

கோ வேலு வண்டியை வெளியே எடுத்தார்.

லாரியின் முன்பக்கம் கண்ணாடி முழுக்க நிறைந்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம்: “மயாபூ!” கூடாது என்று அர்த்தம். அந்தச் சொல் முடியவில்லை, ‘மயா’ என்பதிலேயே கோ வேலுவின் கைகள் திரும்பிவிட்டன. தலையைத் திருப்பவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, யார் சொன்னது என்றுகூட யோசிக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் நாங்கள் ஒண்டிக்கொண்ட நொடியில் லாரி காற்றை அடித்துக்கொண்டு எங்களைக் கடந்துபோனது.

ஓரமாக நிறுத்தினார். என் வீட்டுக்காரர் கண் விழித்து, “மலை வந்துடுச்சா?” என்றார்.

“அம்மா,” என்றார் கோ வேலு, கோபமே இல்லாமல். “லான்னா ‘வா’ன்னு அர்த்தம். ரோடு காலியா இருந்தா ஸ்பேருங்க அப்பிடியும் கத்துவானுங்க.”

“கரண்ட் வந்தால் தெருவில் எல்லோரும்...”

“அது லா பி. வந்துருச்சு. அந்தப் ‘பி’தாம்மா முக்கியம்.”

ஒரு எழுத்தை விட்டதற்கு நான்கு உயிர் போயிருக்கும். திரும்பிப் பார்த்தேன். மா ராணி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார், தன் வாயிலிருந்து எதுவோ தப்பித்து வந்துவிட்டது என்பதுபோல. மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு கோ வேலு ஒரு மாட்டுவண்டியைக்கூட முந்தவில்லை. சித்தாங் பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை, பிறகு ரப்பர் தோட்டங்கள், பிறகு மலை. ரங்கூனிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது மைலில் இருக்கும் அடிவாரம் கின்புன்னுக்கு ஏழரை மணி நேரத்தில் சேர்ந்தோம்.

கின்புன்னிலிருந்து சொந்த வண்டி மேலே போகாது. திறந்த லாரியில் குறுக்கே பலகைகளை அடித்து, ஆட்களை அடுக்கி ஏற்றுகிறார்கள். பின்னால் ஆயிரத்து ஐந்நூறு கியாட், ஓட்டுநர் பக்கத்தில் இரண்டாயிரம். பக்கத்து இடம் வேண்டுமா என்று கேட்டார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இனி ஜென்மத்துக்கும் வேண்டாம் என்று பின்னால் ஏறினேன். லாரி முக்கி முனகிச் செங்குத்தாக ஏறியபோது, ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர்களை வழியில் இறக்கிவிட்டு மீதியை நடக்கச் சொன்னார்கள். கோ வேலுவும் மா ராணியும் எங்களுக்காக இறங்கிக் கூடவே நடந்தார்கள். முக்கால் மணி நேரம், மூச்சு வாங்கும் ஏற்றம். நுழைவுக் கட்டணம் எங்களுக்கு ஆளுக்கு ஆறு டாலர்.

பாறையைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். எதுவும் உதவவில்லை. வெறுங்காலில் அந்தச் சில்லென்ற தளத்தில் நடந்து போய் நிமிர்ந்து பார்த்தால், வீட்டைவிடப் பெரிய ஒரு தங்க உருண்டை, மலையின் கடைசி விளிம்பில், பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் தலையில் ஒரு சின்னக் கோபுரம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். சாயங்கால வெயில் பட்டதும் பாறைக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவதாகத் தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றிலும் ஆயிரம் மெழுகுவத்திகள், ஆயிரம் கூப்பிய கைகள். சாலையில் எங்களை நகரவிடாமல் செய்த அதே கூட்டம்தான். இப்போது ஒருவர்கூட அதிகம் என்று தோன்றவில்லை.

பாறையைத் தொட்டுத் தங்கத்தாள் ஒட்ட ஆண்களுக்கு மட்டும் அனுமதி. என் வீட்டுக்காரரும் கோ வேலுவும் உள்ளே போனார்கள். பெண்கள் ஒரு கம்பிக்கு இப்பால் நிற்க வேண்டும். எனக்குச் சுர்ரென்று வந்தது, உண்மைதான். ஆனால் அந்தக் கம்பிக்கு இப்பால் நின்றதால்தான் மா ராணியோடு பேச முடிந்தது.

“அவரு கையி சரியானா வந்து கும்புடுறேன்னு வேண்டிக்கிட்டேன்,” என்றார் அவராகவே. கோ வேலு வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தங்கத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“நடந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை என்றாரே.”

“தப்பு இல்லதான். ரோடு காலியாத்தான் இருந்துச்சு. ஆனா என் வாய் சொல்லித்தான அவரு திரும்புனாரு? அவரு ஒரு வார்த்த திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். இன்னைவரைக்கும் திட்டல. மனசுக்குள்ள என்ன இருக்கோ. இனி நான் சொன்னா அவருக்குப் பயம் வரும். பயத்தோட திருப்புனா ரெண்டு பேரும் போயிருவோம்.”

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாது. கடைசி வரிசையிலிருந்து அவரால் கணவரின் கைகளைப் பார்த்திருக்க முடியாது. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

“நீங்கள் கத்தினீர்களே, அப்போது அவர் கை என்ன செய்தது தெரியுமா?” என்றேன். “நீங்கள் ‘பூ’ சொல்வதற்கு முன்னால் திரும்பிவிட்டது. அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. பயந்தவர் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பார், மா ராணி. நானாக இருந்தால் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் இப்போது இங்கே நின்றிருக்க மாட்டோம்.”

அவர் என்னையே பார்த்தார். “மெய்யாவா?” என்றார். மெய்யாகத்தான் என்றேன். அவர் நெடுநேரம் கும்பிட்டுக்கொண்டே நின்றார். பாறையைக் கும்பிட்டாரா, அதன் அடியில் நின்ற ஆளைக் கும்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கின்புன்னில் ரங்கூனே நின்றது. சனிக்கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். நான் யாரும் சொல்லாமலே நடு வரிசைக்குப் போய் என் வீட்டுக்காரரை நகர்த்தி உட்கார்ந்துகொண்டேன். கோ வேலு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மா ராணி மேலேயிருந்து கொண்டுவந்த பூமாலையோடு வெளியே நின்றிருந்தார். முன்கதவைத் திறந்தார். மாலையை நடுக் கண்ணாடியில் மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இடது இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

கோ வேலு வண்டியைக் கிளப்பினார்.

ரப்பர் தோட்டம் வருவதற்குள் ஒரு மூங்கில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். நீண்ட மூங்கில்கள் வாலாட்டிக்கொண்டு போயின. “யாலா?” என்றார் அவர். “மயாபூ.” கொஞ்ச தூரம் போய் மறுபடி “யாலா?” “மயாபூ.” எங்களைத் தாண்டி பஸ்கள் பறந்தன. பின்னால் ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். எனக்கே சாலை காலி என்று இரண்டு மூன்று தடவை தோன்றியது. வாயைத் திறக்கவில்லை, அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. மா ராணி முன்னால் குனிந்து, சாலையைவிட அதன் இரண்டு ஓரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிடரியில் வியர்வை வழிந்தது. மைல்கள் போயின. கோ வேலு கேட்பதை நிறுத்திவிட்டார். அவசரமே இல்லாதவர்போல அந்த மூங்கில் வாலுக்குப் பின்னாலேயே ஓட்டினார்.

பிறகு, யாரும் கேட்காமலே, மா ராணி சொன்னார்: “யா.”

வண்டி வெளியே போனது. கோ வேலுவின் தலை அசையவில்லை, கால் தயங்கவில்லை. ஒரு பக்கத்தை முழுக்கப் பார்க்க முடியாத ஒருவர், இன்னொருவர் வாயிலிருந்து வந்த ஓர் எழுத்தின் மேல் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். முந்தினோம், உள்ளே வந்தோம். நான் மலையில் பார்த்தது பெரிய அதிசயம்தான். ஆனால் என் மூச்சு நின்றுபோனது இங்கேதான்.

பகோ டீக்கடையில் இறங்கியதும் மா ராணி இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்தார். “இத்தனை மாசமா யாரும் தொடைக்கல போல. ஒண்ணும் தெரியல.” துணி தேடினார். பிறகு வண்டியின் பின்னால் போய், அந்த வட்ட எழுத்துத் தாளைச் சர்ரென்று உரித்தெடுத்து, தண்ணீரில் நனைத்து, அந்தக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தார். கசங்கிய தாளைக் குப்பைக் கூடையில் போட்டார். கோ வேலு பார்த்துக்கொண்டே இருந்தார். “திங்கக்கிழமை அந்த ஆளு வாராரே,” என்றார் மெதுவாக.

“வரட்டும். லபெயே குடிச்சிட்டுப் போவட்டும்,” என்றார் மா ராணி. லபெயே என்றால் டீ.

இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முடிந்தால் வாரநாளில் போங்கள். சனி ஞாயிறுதான் முடியும் என்றால் விடிவதற்கு முன் கிளம்புங்கள், ஞாயிறு மதியத்துக்கு முன் மலையை விட்டு இறங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வையுங்கள், சித்தாங்கில் கேட்பார்கள். மேலே டிசம்பரில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். செருப்பைக் கழற்றி நடக்க வேண்டிய தூரம் அதிகம். கிண்ணம் குலுக்குகிறவர்களுக்குப் போடச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் கற்ற பர்மியத்தை டீக்கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி பேசும்போது எத்தனை சீட், ஏசி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். இடப்பக்கம் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். தாகேதாவில் கோ வேலுவின் வண்டி கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. படம் எடுக்க வசதி என்று முன்கதவைத் திறக்காமல், நேரே பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். முன்னால் ஆள் இருக்கிறது.